தலைவலித் தூளின் வரலாறு

நஞ்சு என்று எழுதி ஒட்டிய புட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறோம். தலைவலி மாத்திரையையோ அடுக்களை அலமாரியிலும், சட்டைப் பையிலும், பயணப் பெட்டியிலும் வைத்துக்கொள்கிறோம். முன்னதனிடம் நமக்குள்ள அச்சம் பின்னதனிடம் இல்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மருத்துவரின் சீட்டின்றிக் கடையில் கிடைப்பது, அண்டை வீட்டாரும் உண்பது, உண்ட சிறிது நேரத்தில் நலம் தருவது ஆகிய ஒரு பொருளை யார்தாம் ஐயுறுவர்? ஆயினும், அவ்வாறு எவரும் ஐயுறாத ஒரு தூள், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான மக்களின் சிறுநீரகங்களை அழித்தது என்பது மருத்துவ வரலாறு கூறும் உண்மை. பினாசிட்டின் என்பது அத்தூளில் இருந்த மருந்தின் பெயர். அதன் வரலாற்றையே இன்று நாம் காணப் போகிறோம். இன்று பெரும்பாலான நாடுகளில் அம்மருந்து தலைவலி மருந்தாக விற்கப்படுவதில்லை. ஆயினும் இன்று விற்கப்படும் மருந்துகளை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை அது நமக்குக் கற்பிக்கும்.

இவ்வரலாறு ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறது. 1886-ஆம் ஆண்டில், அப்போது ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், கான், ஹெப் என்னும் இரண்டு இளம் மருத்துவர்கள் குடற்புழுக்களை ஒழிப்பதற்கு நாப்தலின் என்னும் பொருளைக் கொடுத்துப் பார்த்தனர். மருந்தகத்திலிருந்து ஒருமுறை தவறான பொருள் வந்துவிட்டது. புழுக்கள் ஒழியவில்லை, ஆனால் நோயாளியின் காய்ச்சல் இறங்கிவிட்டது. வந்த பொருள் அசெட்டனிலைடு என்று பின்னர்த் தெரிந்தது. அது நிலக்கரித் தாரிலிருந்து சாயம் செய்யும் தொழிலோடு தொடர்புடையது. விரைவில் அது காய்ச்சல் மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆனால் அதை உண்ட சிலருக்கு உதடும் தோலும் நீலம் பாய்ந்தன. குருதி உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை அம்மருந்து குறைத்ததே அதற்குக் காரணம்.

அதனினும் தீங்கு குறைந்த பொருள் ஒன்றை வேதியியலார் தேடினர். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில், சாய உற்பத்தியின்போது மிஞ்சிப் பயனின்றிக் குவிந்திருந்த ஒரு பொருளிலிருந்து பினாசிட்டின் செய்யப்பட்டது. 1887-இல் அது மருத்துவ உலகிற்கு வந்தது. 1899-இல் அதே நிறுவனம் ஆஸ்பிரினையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. நாளடைவில் பினாசிட்டினை ஆஸ்பிரினோடும், காப்பியில் உள்ள காபீன் என்னும் பொருளோடும் கலந்து தூளாகவும் மாத்திரையாகவும் விற்கும் வழக்கம் பல நாடுகளில் பரவிற்று. மருந்துக்கடையில் மட்டுமன்றி, சில நாடுகளில் பலசரக்குக் கடையிலும் அவை கிடைத்தன.

அத்தூள் ஓர் ஊரையே எவ்வாறு ஆட்கொண்டது என்பதற்கு ஸ்வீடன் நாட்டின் ஹுஸ்க்வார்னா சான்றாக நிற்கிறது. வேட்டர்ன் என்னும் பெரிய ஏரியின் தென்கரையை அடுத்த தொழில் நகரம் அது. துப்பாக்கி செய்வதில் தொடங்கி, பின்னர்த் தையல் எந்திரம், மிதிவண்டி முதலியவற்றையும் செய்த பெரிய தொழிற்சாலை அங்கு இருந்தது. 1918-ஆம் ஆண்டில் உலகெங்கும் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியபோது, யோர்ட்டன் என்னும் மருத்துவர் பினாசிட்டின், பினாசோன், காபீன் ஆகிய மூன்றும் சேர்ந்த தூளைத் தொழிலாளர்க்குக் கொடுத்தார். காய்ச்சல் அடங்கியது, கொள்ளை நோயும் ஊரை விட்டு அகன்றது. தூள் மட்டும் அகலவில்லை. அதை உண்டால் களைப்பு நீங்குகிறது, கை விரைந்து ஓடுகிறது, வேலை கூடுதலாக நடக்கிறது என்று தொழிலாளர் கண்டனர். காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என அது அன்றாட உணவைப் போல் ஆயிற்று. பிறந்த நாளில் ஒருவருக்கொருவர் தூள் பொட்டலத்தைப் பரிசாக வழங்கினர் என்றும் மருத்துவ ஏடுகள் குறிக்கின்றன.

இவ்வழக்கம் வேரூன்றியதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. நாள்தோறும் காபீன் பெற்றுப் பழகிய உடலுக்கு ஒரு நாள் அது கிடைக்காவிட்டால் தலைவலி எழும். தூளை நிறுத்தியவர்க்குத் தலை வலித்தது, வலிக்கிறதே என்று மீண்டும் தூளை உண்டனர், வலி நின்றது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேறு வேண்டுமா என்று அவர்கள் எண்ணினர். உண்மையில், தான் உண்டாக்கிய வலியைத் தானே தீர்த்து, அத்தூள் நற்பெயர் தேடிக்கொண்டது. அடிக்கடி உண்ணும் வலி மருந்தே தலைவலிக்குக் காரணமாகும் நிலையை இக்கால மருத்துவரும் பல நோயாளரிடம் காண்கின்றனர்.

தூளின் மறைந்த தீங்கை முதலில் எடுத்துக் காட்டியவர்கள் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள். 1953-இல் ஸ்பூலர், சோலிங்கர் என்னும் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இன்ன காரணம் என்று விளங்காத ஒருவகைச் சிறுநீரக நோயால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தபோது, அவர்களுள் பலர் நெடுங்காலம் வலி மருந்து உண்டவர்கள் என்பதை அவர்கள் கண்டனர். அடுத்துத் தொழில் நகரமான ஹுஸ்க்வார்னாவிலும் சிறுநீரகம் செயலிழந்து இறப்போர் மிகுதி என்பது புலப்பட்டது. 1961-இல் ஸ்வீடனின் மருத்துவ ஏடு ஒன்று, பினாசிட்டின் உண்டு சிறுநீரகம் கெட்டு மாண்ட 27 ஆடவர், 3 பெண்டிர் ஆகியோரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டில் அந்நாட்டு அரசு, மருத்துவர் சீட்டின்றிப் பினாசிட்டினை விற்றலாகாது என விதித்தது. 1963-இல் கிரிம்லுண்ட் என்பவர் அத்தொழிற்சாலை மக்களிடையே நடத்திய விரிவான ஆராய்ச்சி வெளிவந்தது.

66 ஆண்டுகள் ஒரு மருந்தின் இத்தகைய பெருந்தீங்கு மறைந்திருந்தது எவ்வாறு? சிறுநீரகத்தின் அமைப்பை அறிந்தால் இது விளங்கும். சிறுநீரகத்தின் உட்பகுதியில் கூம்பு போன்ற சிறு முனைகள் பல உள்ளன. சிறுநீர் அங்கே செறிவடைகிறது. ஆதலால் உண்ட மருந்தின் கழிவும் அங்கே செறிந்து நிற்கிறது. அம்முனைகளுக்கு வரும் குருதியோ குறைவு. நாள்தோறும் மருந்து வந்து தங்கும்போது அவை சிறிது சிறிதாக மடிகின்றன. மடியும்போது பெரும்பாலும் வலி இல்லை. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், சோகை போன்ற சிறு குறிகளே தோன்றும். அவற்றை முதுமையின் மேலும் களைப்பின் மேலும் ஏற்றிச் சொல்லிவிடலாம். சிறுநீரகத்திற்கு இயல்பாகவே மிகுந்த ஆற்றல் இருப்பு உண்டு. அதனால் அதன் பெரும்பகுதி அழியும் வரை மனிதன் நலமாக இருப்பதாகவே எண்ணுகிறான். நோய் வெளிப்படும் நாளில் மீட்கத்தக்கது சிறிதே எஞ்சியிருக்கும்.

மற்றொரு காரணம் நோயாளரின் வாய்மொழி. என்ன மருந்து உண்கிறீர் என்று மருத்துவர் கேட்டால், மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டுமே மக்கள் சொல்வர். கடையில் வாங்கிய தூளை அவர்கள் மருந்தாகக் கருதுவதே இல்லை. சிலர் நாணத்தால் மறைப்பதும் உண்டு. ஆகவே, 1968-இல் சுவிட்சர்லாந்தில் தூபாக் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வைத் தொடங்கியபோது, வாய்மொழியை மட்டும் நம்பவில்லை. சிறுநீரைச் சோதித்தே மருந்து உண்போரைத் தெரிந்தெடுத்தனர். 30 முதல் 49 வயது வரையுள்ள, உடல் நலத்தோடு உழைத்து வந்த பெண்களுள், மருந்து உண்போர் 623 பேரையும், உண்ணாதோர் 621 பேரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். உண்டோரிடையே சிறுநீரக நோயும், அதனால் நேர்ந்த இறப்பும் பன்மடங்கு மிகுந்திருந்தன. முன்னோக்கிச் சென்ற இவ்வாய்வு ஐயத்திற்கு இடமின்றி உண்மையை நிலைநாட்டியது.

ஆஸ்திரேலியாவில் இத்துன்பம் இல்லத்தரசியரை மிகுதியும் பற்றியது. பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்னும் பெயர்களில் விற்ற தூள்களைத் தேநீரோடு சேர்த்து உண்பது பல வீடுகளில் வழக்கமாய் இருந்தது. வீட்டு வேலையின் அயர்வுக்கும், தனிமைக்கும், மனச் சலிப்புக்கும் அதுவே மருந்து. மெல்போர்ன் நகரத்து மருத்துவர் பிரிசில்லா கிங்கெய்ட்-ஸ்மித் அம்மையார் 1960-களில் இதை ஆராய்ந்தார். பினாசிட்டினோடு ஆஸ்பிரினும் கலக்கும்போது தீங்கு வலுக்கிறது என்பதை எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளாலும் அவர் குழுவினர் காட்டினர். கடையில் தடையின்றி இத்தூளை விற்கலாகாது என்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார். 1979-இல் ஆஸ்திரேலியா இக்கலவை மருந்துகளைக் கட்டுப்படுத்தியது. கனடா 1973-இலும், அமெரிக்கா 1983-இலும் பினாசிட்டினை விலக்கின. அது சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் விளைவிப்பது என்று பின்னர் உறுதிப்பட்டது. மருந்து விலகிய நாடுகளில் அச்சிறுநீரக நோயும் காலப்போக்கில் அருகியது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. ஆனால் ஹுஸ்க்வார்னாத் தொழிலாளியும் மெல்போர்ன் இல்லத்தரசியும் ஒரே வேளையில் அள்ளி உண்டவர்கள் அல்லர். ஒவ்வொரு வேளையும் அவர்கள் உண்டது ஒரு பொட்டலமே. அளவு என்பதை அவர்கள் வேளைக்கு மட்டும் கணக்கிட்டனர், ஆண்டுகளுக்குக் கணக்கிடவில்லை. உடலோ ஆண்டுக் கணக்கையும் எழுதி வைத்திருந்தது. இதுவே இவ்வரலாறு தரும் முதன்மையான பாடம்.

பினாசிட்டின் மறைந்த இடத்தில் இன்று நிற்பது பாராசிட்டமால். இதுவும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அசெட்டனிலைடும் பினாசிட்டினும் உடலுக்குள் சென்று பாராசிட்டமாலாக மாறியே பெரிதும் வேலை செய்கின்றன என்பதை அமெரிக்காவில் பிராடி, ஆக்சல்ராடு என்னும் அறிஞர்கள் 1948-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டனர். 1955-இல் அமெரிக்காவிலும், 1956-இல் பிரிட்டனிலும் அது தனி மருந்தாக விற்பனைக்கு வந்தது. உரிய அளவில் உண்டால் பெரும்பாலோர்க்கு அது நல்ல மருந்தே. ஆனால் 1966-இல், அளவு கடந்து உண்டால் கல்லீரல் அழியும் என்று ஸ்காட்லாந்திலிருந்து செய்தி வந்தது. அதன் காரணம் 1970-களில் விளங்கிற்று. உண்ட மருந்தில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. குளுட்டாதயோன் என்னும் பொருள் அந்நஞ்சை உடனுக்குடன் முறிக்கிறது. மருந்து மிகும்போது முறிப்பது தீர்ந்துபோகிறது. நஞ்சு கல்லீரலைத் தாக்குகிறது. இங்கும் தீங்கு மறைந்தே வருகிறது. முதல் நாளில் குறிகள் மிகக் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று நாட்கள் சென்ற பின்னரே நிலைமை வெளிப்படும். அசிட்டைல் சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து, முதல் 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால் மிக நன்றாகக் காக்கிறது. ஆகவே அளவு மிஞ்சியதாகச் சிறிது ஐயம் எழுந்தாலும், குறிகளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆஸ்பிரின், இபுபுரோபன் முதலியவற்றின் இயல்பு வேறு. 1938-இல் இலண்டன் மருத்துவர் இருவர், இரைப்பையின் உள்ளே நோக்கும் கருவியைக் கொண்டு, ஆஸ்பிரின் இரைப்பையின் உட்சுவரைச் சிவக்கவும் புண்படவும் செய்வதை நேரில் கண்டனர். ஏன் என்பதை 1971-இல் ஜான் வேன் விளக்கினார். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருள்களே, மற்றோரிடத்தில் இரைப்பைச் சுவரைக் காக்கின்றன. சிறுநீரகத்திற்குக் குருதி செல்லவும் துணை செய்கின்றன. இம்மருந்துகள் அவை உண்டாவதையே தடுத்துவிடுகின்றன. ஆதலின் வலியைத் தடுக்கும் அதே செயல் காவலையும் நீக்குகிறது. முன்பு புண் இருந்தவர், முதியவர், சிறுநீரக நோய் உடையவர் ஆகியோர்க்கு இத்தீங்கு மிகுதி. காய்ச்சலுற்ற குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதும் இன்று விலக்கப்பட்டுள்ளது. 1963-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ரே விவரித்த, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கொடிய நோயோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டதே காரணம். இபுபுரோபன் வகை மருந்துகள் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிக்கக் கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2015-இல் தன் எச்சரிக்கையை வலுப்படுத்தியது.

இவற்றைக் கேட்டு வலி மருந்துகளையே வெறுத்தல் வேண்டா. வலியால் துடிப்பவர்க்கு அவை செய்துள்ள நன்மை அளவற்றது. ஆனால் அவற்றை அறிந்து உண்ணுதல் வேண்டும். மாத்திரையின் விற்பனைப் பெயரை மட்டும் பாராது, அதனுள் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று மூன்று பெயர்களில் வாங்கிய மூன்றிலும் பாராசிட்டமாலே இருத்தல் கூடும். மருத்துவர் கேட்கும்போது, கடையில் வாங்கி உண்டதையும் மறவாமல் சொல்ல வேண்டும். சில நாட்களுக்குள் தீராத வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டே இராமல், அவ்வலி எதனால் வருகிறது என்று ஆராய்ந்து அறிய வேண்டும். ஹுஸ்க்வார்னாத் தொழிலாளர்க்கு வேண்டியிருந்தது தூள் அன்று, ஓய்வு. மெல்போர்ன் இல்லத்தரசிக்கு வேண்டியிருந்ததும் அதுவே. அவ்வோய்வின் இடத்தில் ஒரு பொட்டலத்தை வைத்ததற்கு, அவர்கள் தங்கள் சிறுநீரகங்களையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது.