முன்னோர் துயிலும் மண்
நம் ஊர் இடுகாடுகளைத் தேடிப் பதிவோம்

கல்விச் சங்கமொன்று தன் இருபத்தைந்து ஆண்டுப் பணியைக் கணக்கிடும்போது, எத்தனை பிள்ளைகள் பள்ளி சென்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். அவ்வெண்ணிக்கை வேண்டுவதே. ஆயினும் இவ்வெள்ளி விழா வேளையில் வேறொரு கணக்கையும் நாம் எடுத்தல் வேண்டும். நம் முன்னோர் எங்கெங்கே துயில்கின்றனர் என்பதே அக்கணக்கு.

நம் இளைஞர் தந்தை பெயர் அறிவர். பாட்டன் பெயரும் அறிவர். பாட்டனுக்குத் தந்தை யார் என வினவினால் பலர் வீட்டு மூத்தவரை நோக்குவர். மூத்தவரும் சில வேளை விடையின்றி நிற்பார். நிலம் உடைய குடும்பத்தாரின் பெயர்கள் பத்திரங்களில் நின்றன. கோயிலுக்குக் கொடையளித்தோர் பெயர்கள் கல்வெட்டுகளில் நின்றன. நிலமும் இன்றி, கோயிலுள் நுழையும் உரிமையும் இன்றி உழைத்து மாண்ட நம் முன்னோர்க்கு எஞ்சிய இடம் ஊர்ப்புறத்து இடுகாடு ஒன்றே. கடலூர், சிதம்பரம் வட்டாரத்து நம் ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கிருந்தே தொடங்குதல் தகும்.

பிறர் கல்லறைகள் பதிவான வகை

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டனர். 1746 முதல் 1752 வரை இக்கரையில் அவர்தம் ஆட்சிக்கு அதுவே தலைமையிடமாக விளங்கியது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றினார். வணிகத்திற்கும் போருக்கும் வந்த வெள்ளையர் பலர் இம்மண்ணிலேயே மாண்டு புதையுண்டனர்.

சென்னை மாகாணம் முழுவதிலும் இருந்த அத்தகையோர் கல்லறை வாசகங்களைத் தேடித் தொகுத்து, ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் 1905-இல் நூலாக வெளியிட்டார். 1976-இல் தென்னாசியாவில் உள்ள ஐரோப்பியர் கல்லறைகளைப் பேணுவதற்கென்றே லண்டன் மாநகரில் ஒரு சங்கம் தோன்றியது. இதனைக் கண்டு நாம் அழுக்காறு கொள்ளவில்லை. இறந்தோரை நினைத்தல் எல்லார்க்கும் உரிய அறம். ஆனால் அக்கோட்டைக்கு மண் சுமந்தவர் யார், அவ்வெள்ளையர்க்குக் குழி வெட்டியவர் யார் என்று வினவும் கடமை நமக்கு உண்டு. அவர்களுக்கென ஒரு பட்டியலை எவரும் தொகுத்திலர்.

நம் மக்களின் பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை என்பதும் முழு உண்மையாகாது. 1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர், தந்தை பெயர், சாதி, ஊர் ஆகியன கப்பல் பதிவேடுகளில் எழுதப்பட்டன. கடல் கடந்து உழைக்கப் போனவன் பெயர் முதலாளியின் கணக்குக்காக எழுதப்பட்டது. ஊரிலேயே உழைத்து மாண்ட அவன் உடன்பிறந்தான் பெயரோ மண்ணோடு மண்ணாயிற்று.

கல்வெட்டில் நம் சுடுகாடு

நம் இடுகாடுகள் ஆவணம் ஏறாதவை எனக் கருதுவோர்க்குத் தஞ்சைப் பெரிய கோயில் விடை கூறுகிறது. முதலாம் இராசராசன் காலத்தில், 1010-ஐ ஒட்டி முற்றுப்பெற்ற அக்கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களை ஒவ்வொன்றாகக் குறிக்கின்றன. ஊரின் மொத்த நிலத்திலிருந்து வரி நீக்கப்பட்ட இடங்களை வரிசைப்படுத்துகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் சுடுகாடும் அவ்வரிசையில் வருகின்றன. சில ஊர்களில் பறைச்சுடுகாடு எனத் தனியே ஒரு நிலம் குறிக்கப்படுகிறது.

இச்சொல்லிலிருந்து நாம் அறிபவை இரண்டு. மாண்ட பின்னும் மனிதரைப் பிரித்து வைத்த கொடுமை ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பது ஒன்று. அந்நிலம் அரசனே அளந்து, வரி நீக்கிக் கணக்கில் ஏற்றிய நிலம் என்பது மற்றொன்று. இடுகாட்டு நிலமும் அதற்குரிய வழியும் தாம் கருணையால் விட்டவை என்று எவரேனும் கூறின், இக்கல்வெட்டை நாம் எடுத்துக் காட்டலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நில அளவையும் வரித்திட்டமும் வந்தபோது ஒவ்வொரு புலத்திற்கும் எண் இடப்பட்டது. இடுகாடுகள் பல, ‘அ’ பதிவேட்டில் புறம்போக்கு நிலமாகப் பதிவாயின. ஆயினும் எல்லா இடுகாடுகளும் அவ்வாறு பதிவாகவில்லை. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் வழக்கத்தால் புதைத்து வந்த இடங்கள், ஆற்றுப் புறம்போக்கு என்றோ தரிசு என்றோ எழுதப்பட்டன. இன்றைய தகராறுகள் பலவற்றின் வேர் இங்கே உள்ளது.

கல் இல்லாத கல்லறைகள்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த ஆதனூரில் பிறந்தவராகப் போற்றப்படும் நந்தனார்க்குக் கல்லறை இல்லை. தில்லையில் தீயில் மூழ்கி மறைந்தார் என்று சேக்கிழார் பாடினார். சிதம்பரத்து ஓமக்குளமே அவ்விடம் என்பது வழிவழி வரும் செய்தி. உடல் மறைந்தாலும் இடம் நினைவில் நின்றமையால், அவர் பெயரால் அந்நகரில் மடம் எழுந்தது. 1916-இல் நந்தனார் கல்விக் கழகமும் எழுந்தது. அதனை நிறுவிய சுவாமி சகஜானந்தர் 1959-இல் மறைந்தார். அவர்தம் நினைவிடம் இன்றும் சிதம்பரத்தில் நம் மக்கள் கூடும் இடமாக விளங்குகிறது. நினைவுக்கு ஓரிடம் இருப்பின் அதைச் சுற்றிக் கல்வியும் ஒற்றுமையும் வளரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சிற்றூர் இடுகாடுகளில் கற்கள் அரியவை. மண்மேடு எழுப்பி, நாய் நரி தோண்டாவண்ணம் முள் இட்டு, தலைமாட்டில் கள்ளி நடுவர். இரண்டு மழைக்காலத்தில் மேடு கரைந்துவிடும். ஆயினும் ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு மூலை உண்டு. பனை ஒன்று, பூவரசு ஒன்று, பழைய கரை ஒன்று அதற்கு எல்லையாக நிற்கும். மாசித் திங்களில் மயானக் கொள்ளைக்குச் செல்லும் ஊர்களில் முதியோர் தம் வீட்டார் மேட்டை அடையாளம் கண்டு நிற்பதைக் காணலாம்.

வெட்டியான் என்னும் பெயரால் நம் முன்னோர் செய்த ஊழியத்தை ஈண்டு நினைத்தல் வேண்டும். ஊராரின் புல எல்லை எங்கே, எல்லைக்கல் எங்கே என அறிந்தவர் அவர். வழக்கு எழும்போது அவரையே அழைத்துக் கேட்பர். ஊர் முழுவதின் எல்லையையும் நெஞ்சில் சுமந்தவர்க்குத் தம் புதைகுழிக்கு ஒரு கல் இல்லை. கர்ணம், மணியம் ஆகிய பரம்பரைப் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டன. அது நல்லதே. ஆனால் பழைய ஊழியர் நெஞ்சில் இருந்த நிலக்கணக்கு எழுதப்படாமலே அவரோடு மறைந்து வருகிறது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில்

வெள்ளாற்றங்கரையில் உள்ள சிற்றூர் ஒன்றிற்கு நாங்கள் சிலர் குறிப்பேட்டுடன் சென்றோம். குழி வெட்டிப் பழகிய பெரியவர் ஒருவர் எங்களை இடுகாட்டிற்கு அழைத்துச் சென்றார். கைத்தடியால் ஒரு மூலையைக் காட்டி, “இது எங்க வகையறா எடம், தம்பி” என்றார். யார் யார் உள்ளனர் எனக் கேட்டோம். மூன்று பெயர் சொல்லி நிறுத்தினார். “பேரெல்லாம் வீட்டுல ஆயாவத்தான் கேக்கணும்” என்றார்.

வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவ்வம்மையாரைக் கேட்டோம். ஒப்பாரியில் தாம் அழைத்து அழுத பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். பதினொரு பெயர்கள். பிறந்து பெயரிடுமுன் இறந்த இரு குழந்தைகளையும் அவர் விட்டுவிடவில்லை. அந்த இடுகாட்டில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பெண்கள் தெருமுனையோடு நிற்பதே அவ்வூர் வழக்கம். இடத்தை ஆடவர் அறிவர். பெயரைப் பெண்டிர் அறிவர். இருவரையும் கேளாமல் எழுதும் பதிவு பாதிப் பதிவே என்பதை அன்று கற்றோம்.

இழப்பும் உரிமையும்

ஆறு கரையை அரிக்கிறது. பக்கத்து வயலின் வரப்பு ஆண்டுக்கு ஒரு முழம் நகர்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திற்காக ஊர்கள் எடுக்கப்பட்டபோது அவ்வூராரின் முன்னோர் மண்ணும் உடன் போயிற்று. நிலம் எஞ்சிய ஊரிலும் வழி எஞ்சுவதில்லை.

2016-இல் மயிலாடுதுறைப் பகுதித் திருநாள்கொண்டச்சேரியில், முதியவர் ஒருவர் உடலைப் பொதுப்பாதையில் கொண்டு செல்ல உயர்நீதிமன்றம் ஆணையிட்டும், அவ்வுடல் காவலரால் வேறு வழியே கொண்டு செல்லப்பட்டது. 2019-இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே செல்ல இயலாமையால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஓர் உடல் கீழே இறக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் அதனைத் தானே முன்வந்து வழக்காக ஏற்றது.

சட்டம் நம் பக்கம் உள்ளது. இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தீண்டாமையின் பெயரால் தடை செய்தல் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது, மயானப் பயன்பாட்டைத் தடுத்தல் அதனுள் தெளிவாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் வழக்கு மன்றம் முதலில் கேட்பது புல எண்ணை. அதனை அறியாதவன் உரிமையை உரக்கக் கூறினும் பயன் குறைவே.

காட்டுமன்னார்கோயில் தந்த தலைவர் இளையபெருமாள் தலைமையில் 1965-இல் அமைந்த குழு, நாட்டின் பல பகுதிகளில் நிலவிய தீண்டாமையைக் கேட்டு எழுதி 1969-இல் அறிக்கை அளித்தது. பார்த்ததைப் பதிந்து அரசின் முன் வைப்பதும் போராட்டமே என்பதை நம் மண்ணின் மைந்தர் அன்றே காட்டினார்.

கடல் கடந்த சான்று ஒன்றும் உண்டு. 1991-இல் நியூயார்க் நகரில் அரசுக் கட்டடம் ஒன்றிற்கு அடித்தளம் தோண்டியபோது, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. கறுப்பின மக்கள் திரண்டு வேலையை நிறுத்தச் செய்தனர். 2003-இல் அவ்வெலும்புகள் மரியாதையுடன் மீண்டும் புதைக்கப்பட்டன. 2006-இல் அவ்விடம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. பழைய நகரப் படங்களில் அவ்விடுகாடு குறிக்கப்பட்டிருந்தமை அவர்க்குப் பெருந்துணையாயிற்று.

பதியும் முறை

இளைஞர் இருவர் மூவராகச் சேர்ந்து ஊருக்கு ஒரு குறிப்பேடு தொடங்குக. முதலில் முதியோரைக் கேட்டு, வகையறாதோறும் பெயர், உறவு, இறந்த காலம் ஆகியவற்றை எழுதுக. ஆண்டு நினைவில்லையேல் 1952-ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னா பின்னா, 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்கு முன்னா பின்னா, 2011-இல் வீசிய தானே புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டுத் தெளிக.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்துப் புல எண், வகைப்பாடு, பரப்பு ஆகியவற்றைக் குறிக்க. இவ்விவரங்களை அரசின் இணைய சேவையிலும் காணலாம். மறுக்கப்படின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி படி கேட்கலாம். பின்னர் நிலத்தை நடந்து அளந்து, பதிவேட்டுப் பரப்போடு ஒப்பிடுக. மரம், கரை, கல், பாதை ஆகியன காட்டும் படம் ஒன்று வரைக. ஊரைவிட்டு இடுகாடு வரை உள்ள வழியையும் அதே கவனத்தோடு வரைக. படி ஒன்று ஊரிலும், ஒன்று சங்கத்திலும், ஒன்று நூலகத்திலும் இருத்தல் நலம்.

எவ்விடத்தையும் தோண்டுதல் கூடாது. பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் தமிழகத் தொல்லியல் துறை 2024-இல் அகழாய்வு நடத்தியதை அறிவீர்கள். அதுபோல் முதுமக்கள் தாழியோ பழம்பானை ஓடோ மண்ணின்மேல் தென்படின் அத்துறைக்குத் தெரிவிக்க. குடும்பத்தார் இசைவின்றி எப்பெயரையும் வெளியிடற்க.

ஓர் ஐயம்

சாதிக்கொரு சுடுகாடு ஒழிய வேண்டும் என்போர், தனி இடுகாட்டைப் பதிவது அப்பிரிவினையை நிலைப்படுத்தாதோ என ஐயுறலாம். நேர்மையான ஐயம் இது. ஊருக்கு ஒரே மயானம் வரவேண்டும் என்பதே நம் விருப்பமும். அது வரும் நாளில் புதிதாக இறப்போர் அனைவரும் ஓரிடத்தில் துயிலட்டும். ஆனால் முன்னரே துயில்வோரை நாம் இடம் பெயர்க்க இயலாது. அவர்கள் கிடக்கும் மண் பதிவின்றிப் போயின் பிரிவினை அழியாது. அதற்கான சான்றே அழியும்.

இளைஞர்களே! இப்பணிக்குப் பெரும் பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும் ஓர் அளவு நாடாவும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். வேண்டுவது விரைவு. திண்ணையில் அமர்ந்து பதினொரு பெயர் சொன்ன அம்மையார் போன்றோர் ஊர்தோறும் இன்னும் உள்ளனர், நெடுங்காலம் இரார். எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இச்சங்கம் நமக்கு எழுதக் கற்றுத் தந்தது. அவ்வெழுத்தால் அவர்தம் பெயர்களை எழுதிவைப்போம்.