சி.டி.கே.1 (புரதக் கைனேஸ்)

ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டைப் பெற்றுப் பிற புரதங்களில் சேர்ப்பதன் வழியே செல் பிரிவைத் தொடங்கிவைக்கும் நொதி சி.டி.கே.1 ஆகும். 297 அமினோ அமிலங்களாலான இந்நொதி, சைக்ளின் என்னும் துணைப் புரதம் வந்து இணைந்த பின்னரே வேலை செய்யும். பழைய நூல்களில் இதன் பெயர் சி.டி.சி.2.

நொதி அறியப்படுவதற்கு முன்பே அதன் விளைவு அறியப்பட்டது. இந்தியாவில் பிறந்த போத்து ராவும் ராபர்ட் ஜான்சனும் 1970இல் வெளியிட்ட ஆய்வுகளில், செயலிழக்கச் செய்த செண்டாய் வைரஸைக் கொண்டு ஹீலா என்னும் மனிதச் செல்களை ஒட்டவைத்து, பிரிந்துகொண்டிருக்கும் செல்லையும் பிரியத் தொடங்காத செல்லையும் ஒரே சவ்வுக்குள் கொண்டுவந்தபோது, பின்னதன் உட்கருவும் காலத்துக்கு முன்பே குலைந்து, அதன் குரோமோசோம்கள் திரண்டன. டி.என்.ஏ. இரட்டிப்புக்கு முன்னிருந்த உட்கரு ஒற்றை இழைகளாகவும், இரட்டிப்பு முடிந்தது இரட்டை இழைகளாகவும், இடையில் அகப்பட்டது பொடிப்பொடியாகவும் தெரிந்ததால், செல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை நுண்ணோக்கியிலேயே படித்துவிட முடிந்தது. இத்துணைத் தெளிவாகக் கண்ணுக்குப் புலப்படும் சான்று செல்லியலில் அரிது. தவளை முட்டைச் செல்லில் யோஷியோ மசூயி 1971இல் விவரித்த முதிர்வூக்கக் காரணியும் இவ்விளைவைத் தூண்டியதும் ஒன்றே என்னும் கருத்து, ராவின் ஹூஸ்டன் குழுவினர் 1979இல் பிரியும் ஹீலா செல்களின் சாற்றைத் தவளை முட்டைச் செல்லில் செலுத்தி அதை முதிரச் செய்த பின் வலுப்பெற்றது. எனினும், அக்காரணி என்பது சி.டி.கே.1–சைக்ளின் இணை மட்டுமா, கிரேட்வால் என்னும் வேறொரு கைனேஸும் அதில் அடங்குமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஈஸ்ட் மரபியலில் லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் ஆகியோரும் சைக்ளின் ஆய்வில் டிம் ஹன்ட்டும் கண்டவை 1988 வாக்கில் இந்நொதியில் வந்து சேர்ந்தன. மூவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த சி.டி.கே.2, 3, 4, 6 ஆகியவை இல்லாத எலிக்கருவும் கருக்காலத்தின் நடுப்பகுதி வரை வளர்வதையும், சி.டி.கே.1 இல்லாத கரு தொடக்கத்திலேயே அழிவதையும் 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரிவுக்கு அப்பாற்பட்ட பணிகள் பற்றிய செய்திகள் அண்மைக்காலத்தவை: பிரிவுக்கு ஆயத்தமாகும் செல்லில் இந்நொதி மைட்டோகாண்டிரியாவுக்குள் சென்று ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுவதாக 2014இலும், செல் தன் தளத்தைப் பற்றி நிற்க உதவுவதாக 2018இலும் கட்டுரைகள் வெளிவந்தன. முதிர்ந்த நரம்புச் செல்லிலோ இயங்குவது பெரும்பாலும் இந்நொதி அன்று, இதன் உறவான சி.டி.கே.5 ஆகும்; அது செல் சுழற்சி நொதிகளின் குடும்பப் பெயரைத் தாங்கினாலும், அதைச் செயற்படுத்துவது சைக்ளின் அன்று, பி35 என்னும் புரதம்.