சாம்பல் போட்ட சீமெந்து கலப்படமா?



நமது பாடசாலை மதில் வேலைக்கு வந்திறங்கிய சீமெந்துப் பைகளைக் கண்டதும் மேசன் காக்கா முகத்தைச் சுளித்தார். "சேர், இது சாம்பல் போட்ட சீமெந்து. கலப்படம். திருப்பி அனுப்புங்க" என்றார். முப்பது வருடம் சாந்தகப்பை பிடித்த கை. சட்டென மறுத்துப் பேச நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அது பெற்றோரிடம் நூறு, இருநூறாகச் சேர்த்த காசு. பிள்ளைகள் சாய்ந்து நிற்கப்போகும் மதில். ஆகவே இந்தச் சாம்பல் எப்போது சாந்துக்குள் வந்தது என்று தேடி வாசித்தோம்.

சீமெந்து பிறக்கும் முன்பே சாம்பல் வந்துவிட்டது! இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்தால் கடல் நீருக்குள்ளும் இறுகும் என்பது ரோமருக்குத் தெரியும். அப்படிக் கட்டிய துறைமுகச் சுவர்கள் இரண்டாயிரம் வருடம் கடந்தும் நிற்கின்றன. 1750களின் கடைசியில் இங்கிலாந்தின் எடிஸ்டன் பாறையில் வெளிச்சவீடு கட்டிய ஜோன் ஸ்மீட்டனும் இத்தாலியச் சாம்பலை வரவழைத்தே சாந்து குழைத்தார். இன்றைய போர்ட்லன்ட் சீமெந்துக்கு ஜோசப் அஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல்தான்.

பிறகு வந்தது தொழிற்சாலைக் கழிவின் காலம். இரும்பு உருக்கும் உலைகளில் மிஞ்சிய கசடு மலைபோல் குவிந்தது. உருகிய கசடைத் தண்ணீரில் திடீரெனக் குளிரவைத்துச் சுண்ணாம்போடு சேர்த்தால் கல்லாகிறது என்று 1862இல் ஜேர்மனியில் எமில் லாங்கன் கண்டார். நிலக்கரிச் சாம்பலின் முறை 1930களில் வந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிஸ் என்பவரின் குழு அதைச் சோதித்து 1937இல் வெளியிட்டது. 1953இல் முடிந்த அமெரிக்காவின் ஹங்றி ஹோர்ஸ் அணைக்கட்டில் இந்தச் சாம்பல்தான் பெருமளவில் கலக்கப்பட்டது. அணைக்கட்டுக்கே போட்டிருக்கிறார்கள், நம் மதில் எந்த மூலைக்கு!

இது எப்படி வேலை செய்கிறது? சீமெந்து தண்ணீரோடு சேரும்போது பசையோடு கூடவே சுண்ணாம்பும் உண்டாகிறது. அந்தச் சுண்ணாம்பு பலமில்லாதது, நீரில் கரையும். சாம்பல் அதைப் பிடித்து மெதுவாக மேலும் பசையாக்குகிறது. துவாரங்கள் அடைபடுவதால் உப்பு உள்ளே போவது குறையும். கடற்கரையில் கம்பி துருப்பிடித்து வெடித்த தூண்களைப் பார்த்த நமக்கு இது சின்ன விடயமல்ல.

இன்னொன்றும் உண்டு. மயிரிழை போன்ற வெடிப்புக்குள் தண்ணீர் போனால், உள்ளே வேலை செய்யாமல் கிடந்த சீமெந்துத் துகள் விழித்துக்கொள்கிறது. சுண்ணாம்பும் வெள்ளையாகப் படிந்து வெடிப்பை மூடுகிறது. சாம்பலும் கசடும் மெதுவாக வேலை செய்வதால் இந்தக் கையிருப்பு நீண்ட நாள் இருக்கும். ஆனால் சாம்பல் மிதமிஞ்சினால் வெடிப்பை மூடவேண்டிய சுண்ணாம்பையும் அதுவே தின்றுவிடும். விரல் நுழையும் வெடிப்பை எந்தச் சீமெந்தும் தானாக மூடாது.

ரோமரின் சாந்தில் தெரியும் வெள்ளைக் கட்டிகளைச் சரியாகக் குழைக்காத பிழை என்றே பலர் நினைத்தார்கள். அந்தக் கட்டிகளே வெடிப்பை மூடும் மருந்து என்று 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே முறையில் செய்த கொங்கிரீட்டை வெடிக்க வைத்துத் தண்ணீர் விட்டபோது, இரண்டு வாரத்தில் ஒழுக்கு நின்றுவிட்டதாம்.

நம் நாட்டில் இந்தச் சாம்பல் புத்தளம் நுரைச்சோலை அனல் மின் நிலையத்திலிருந்து வருகிறது (நம் அக்கரைப்பற்று நுரைச்சோலை அல்ல!). காற்றில் பறந்தால் அயலவருக்கு அவதி; பைக்குள் போனால் நமக்குப் பலம். பையில் எஸ்.எல்.எஸ். 107 என்றிருந்தால் சாதாரண சீமெந்து, 1247 என்றிருந்தால் கலப்புச் சீமெந்து. இரண்டும் தரச்சான்று பெற்றவைதான். கட்டளை இலக்கமே இல்லாத பையைத்தான் திருப்பி அனுப்பவேண்டும்.

மேசன் காக்காவின் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. ஏழாம் நாள் ஆணியால் கீறிக் காட்டினார். பழைய சீமெந்தைவிட மெதுவாகத்தான் இருந்தது. சாம்பல் பிந்தித்தான் இறுகும், அதுவரை ஈரம் காயக்கூடாது. மூன்று நாளில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தும் நம் ஊர்ப் பழக்கம் இதற்குச் சரிவராது. பதினான்கு நாள் என்று பேசி முடித்தோம். இப்போது மதில்மேல் சாக்கு விரித்திருக்கிறோம். காலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும், அஸருக்குப் பிறகு காக்காவும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இருபத்தெட்டாம் நாள் மறுபடி ஆணியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.