சத்துருண்டை யாருக்கு?

தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்த கையோடு மேலூர் பக்கம் பஸ் ஏறினால், அதையும் தாண்டி திருச்சி ரோட்டில் வரும் ஊர் கொட்டாம்பட்டி. வாஷிங்டனில் இருக்கும் உலக வங்கி ஒரு காலத்தில் இந்த ஊரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா?

1980-ல் வங்கிக் கடனில் ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்’ வந்தது. முதல் வெள்ளோட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு மாதாமாதம் எடை பார்ப்பார்கள். அட்டையில் கோடு மேலே ஏறினால் சரி, வீட்டுக்குப் போகலாம். ஏறாமல் நின்றால் தினமும் சத்துருண்டை, தொண்ணூறு நாளைக்கு. பிள்ளை தேறியதும் உருண்டை நின்றுவிடும்.

கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்பும் மாநிலத்தில் ஏகப்பட்ட உணவுத் திட்டங்கள் இருந்தன. பசி அதிகம் பாதிக்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் அவை போய்ச் சேரவில்லை. இருக்கிற பணத்தை இளைத்த பிள்ளைக்கு மட்டும் கொடு என்றார்கள். பலனும் கிடைத்தது. கடுமையான எடைக்குறைவு நன்றாகவே குறைந்தது.

ஆனால், “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறீக... எம் புள்ள என்ன பாவம் செஞ்சுச்சு?” என்று ஒரு தாய் கேட்டால் யார் பதில் சொல்வது? வாஷிங்டனா? அந்த ஊரிலேயே வாழும் ஊட்டச்சத்துப் பணியாளர்தான்!

இரண்டே வருஷம். 1982 ஜூலை 1-ந் தேதி, திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். இரண்டு வயது ஆனால் போதும், வந்து உட்கார், சாப்பிடு. தராசும் கிடையாது, அட்டையும் கிடையாது. மாநிலக் கஜானா தாங்குமா என்று கேட்டவர்கள் அநேகம். சிறுவயதில் பட்டினி கிடந்த மனிதர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது இரண்டரை வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரு திட்டத்தில் இளைத்தால்தான் உருண்டை. இன்னொன்றில் கொழுகொழுவென்று இருந்தாலும் சோறு. ஒரே அரசாங்கம், ஒரே பிள்ளை, ரெண்டு நியாயம்!

வங்கித் திட்டம் இரண்டாம் கட்டத்தோடு 1997-ல் முடிந்தது. சத்துணவை நிறுத்தும் தைரியம் எந்த ஆட்சிக்கும் வரவில்லை. என்னைக் கேட்டால், கணக்கில் தராசு கெட்டி. ஓட்டுப் பெட்டியில் பானை கெட்டி.

இரண்டு கணக்கிலும் கைவைத்த இடம் ஒன்று உண்டு: அந்தப் பெண்களின் சம்பளம். 1975-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய மத்திய அரசின் அங்கன்வாடித் திட்டத்திலும் அதே கதைதான். ஊழியருக்கான செலவு டெல்லியுடையது, சாப்பாட்டுச் செலவு மாநிலத்துடையது என்று பிரித்துக்கொண்டார்கள். 2005-க்குப் பிறகுதான் சாப்பாட்டிலும் டெல்லி பாதியை ஏற்றது. ஊழியருக்கு வந்தது சம்பளமல்ல, ‘மதிப்பூதியம்’. அங்கன்வாடிப் பெண்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில். திட்டம் தொடங்கி 46 வருஷம் கழித்து!