‘சுவெலபில்’: ஒரு செக் குடும்பப்பெயரின் தோற்றமும் பொருளும்

முன்னுரை

தமிழாய்வுலகம் நன்கறிந்த கமில் சுவெலபில் (1927–2009) செக் நாட்டின் பிராகா நகரில் பிறந்தவர். அவருடைய குடும்பப்பெயர் தமிழில் வெறும் ஒலிவடிவாகவே வழங்கி வருகிறது. அப்பெயரின் பொருளையும், அத்தகைய பெயர்கள் நிலைபெற்ற வரலாற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

செக் மொழியில் ‘ஸ்வெலெபித்’ என்னும் வினை மேம்படுத்துதல், செழிப்புறச் செய்தல் என்னும் பொருளது. போற்றுதலைக் குறிக்கும் ‘வெலெபித்’ என்பது இதன் அடி. ‘ஸ்வெலெபில்’ என்பது அவ்வினையின் இறந்தகால ஆண்பால் ஒருமை வடிவம். ‘மேம்படுத்தினான்’ என்பது பொருள். ஆகவே இக்குடும்பப்பெயர் வடிவால் ஒரு வினைமுற்றாகும்.

இவ்வகைப் பெயர்கள் செக் மக்களிடையே அரியன அல்ல. நவ்ராத்தில் (திரும்பினான்), பொஸ்பீஷில் (விரைந்தான்), விஸ்கொச்சில் (குதித்தெழுந்தான்) முதலியன சான்றாகும். இவை மொராவியாப் பகுதியில் மிகுதி, ஸ்லோவாக்கியாவிலும் வழங்குகின்றன.

பட்டப்பெயர் குடும்பப்பெயரானமை

இவை தொடக்கத்தில் ஊரார் இட்ட பட்டப்பெயர்கள். ஒருவனது செயலையோ இயல்பையோ சுட்டிப் புகழ்ச்சியாகவும் எள்ளலாகவும் இவை பிறந்தன. மகன் தந்தையின் பட்டப்பெயரையே பெறவேண்டும் என்னும் கட்டாயம் அன்று இல்லை; குடியிருக்கும் மனை மாறினால் பெயரும் மாறுவதுண்டு. 1780களில் பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஆணைகள் பரம்பரைப் பெயரைக் கட்டாயமாக்கின. படைக்கு ஆள் சேர்க்கவும் வரி தண்டவும் அரசுக்கு மாறாத பெயர் தேவைப்பட்டது. ஒருவன் செயலைச் சுட்டிய சொல் இவ்வாறு அவன் வழியினர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

இலக்கணச் சான்று

வினையாயின் பெண்பாலில் ‘ஸ்வெலெபிலா’ (மேம்படுத்தினாள்) என வரும். ஆனால் அக்குடும்பப் பெண்ணின் பெயர் ‘ஸ்வெலெபிலொவா’ என்பதே. ‘-ஒவா’ உடைமைப் பொருளில் தோன்றிய விகுதி. வினைவிகுதி ஏலாமல் பெயர்விகுதி ஏற்றமையே இச்சொல் முழுப்பெயராகிவிட்டதைக் காட்டுகிறது. ‘வந்தானைக் கண்டேன்’ என்புழி வினைமுற்று வேற்றுமை ஏற்று வினையாலணையும் பெயராவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

செக் குடியரசில் 2022 முதல் பெண்கள் காரணம் காட்டாமலே இவ்விகுதியை விலக்கிக்கொள்ளலாம். அவ்வாறு விலக்கினால் ஒரு பெண்ணே ‘மேம்படுத்தினான்’ என்னும் பெயரைத் தாங்குவாள்; எனினும் செக் மக்கள் செவிக்கு அது பால்முரணாகாது. அங்கே வினைப்பொருள் மறைந்து பெயரே எஞ்சுகிறது.

முடிவுரை

குடும்பப்பெயரின் சொற்பொருள் அதனை முதலிற் பெற்றவனின் காலத்துக்கு உரியது. வழித்தோன்றலின் இயல்பை உரைப்பதன்று. சுவெலபில் தமிழாய்வை மேம்படுத்தினார் என்பது உண்மை; அது பெயரின் பயனன்று, உழைப்பின் பயனே.