சராய் வாசலில் ஒரு பானைத் தண்ணீர்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் வருடா வருடம் ஒரு பஞ்சாயத்து நடக்கும். பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிந்து, ஏப்ரலில் புது வகுப்பு தொடங்குவதற்குள் கொஞ்ச நாள் லீவு கிடைக்கும். வங்கிக்காரனான எனக்கோ அதே நாட்களில்தான் வருடக் கணக்கு முடிப்பு. "எல்லா அப்பாவும் கூட்டிட்டுப் போறாங்க, நம்ம அப்பா மட்டும் லெட்ஜரைக் கட்டிக்கிட்டு அழறார்" என்று தங்கமணி ஆரம்பிப்பார். இப்போ லெட்ஜரே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று சொன்னால் அடி விழும் :-)

விருதுநகர் போய்வரலாம் என்றால் தில்லியிலிருந்து ரயிலில் போகவர நாலஞ்சு நாள் போய்விடும். நாலு பேருக்கு விமான டிக்கெட் என்றால் மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை. 2024-ல் ஒரு அதிர்ஷ்டம். மார்ச் 23 நான்காம் சனி, வங்கி விடுமுறை. 24 ஞாயிறு. 25 திங்கள் ஹோலி. மூன்று நாள் முழுசாகக் கிடைத்தது. நம்ம சின்ன கார் இருக்கு, ஆறாயிரம் ரூபாய்க்குள் முடிக்கணும், இது தங்கமணி போட்ட பட்ஜெட்.

எங்கே போவது? அதை முடிவு செய்தது பெரியவளின் ஒரு கேள்வி.

"அப்பா, தில்லியில ஏன் இத்தனை சராய்? யூசுப் சராய், காலு சராய், பேர் சராய், சராய் காலே கான்... சராய்னா என்ன?"

"நம்ம ஊர் சத்திரம் மாதிரிம்மா. வழிப்போக்கர் தங்குற இடம்."

"வாடகை எவ்வளவு?"

வங்கிக்காரன் பெண்ணாச்சே! எனக்கு பதில் தெரியவில்லை. பி.காம். படித்தவனுக்கு வரலாறு எட்டாம் வகுப்போடு சரி. அன்று ராத்திரி படிக்க உட்கார்ந்தவன்தான், மூன்று நாள் பயணத்துக்கு வழியும் அதிலேயே கிடைத்தது. தில்லியிலிருந்து பானிப்பட், கர்னால், குருக்ஷேத்திரம். பழைய பெருவழிச் சாலை, ஜி.டி. ரோடு. போக ஒரு 160 கிலோமீட்டர்தான்.

முதலில் வாடகைக் கணக்கை முடித்துவிடுகிறேன். 1540 முதல் 1545 வரை ஐந்தே வருடம் ஆண்ட ஷேர்ஷா சூரி, வங்காளத்தின் சோனார்காவிலிருந்து சிந்து நதிப் பக்கம் வரை போகும் பழைய வழியைச் சீர்செய்து, இரண்டு கோசுக்கு ஒரு சராய் கட்டினார். ஒரு கோசு என்பது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். மொத்தம் 1,700 சராய்கள் என்று எழுதுகிறார் அப்பாஸ் கான் சர்வானி. அவர் எழுதியது பிற்பாடு அக்பர் காலத்தில். எண்ணிக்கையில் கொஞ்சம் புகழ்ச்சி கலந்திருக்கலாம், ஆடிட்டர் யாரும் சரிபார்க்கவில்லை. ஆனால் அவர் தரும் விவரங்கள் சுவையானவை. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடம். வெந்நீர், தண்ணீர், கட்டில், சாப்பாடு, குதிரைக்குத் தானியம். நடுவில் ஒரு கிணறு. வாசலில் யார் வேண்டுமானாலும் குடிக்கப் பானைகளில் தண்ணீர். வந்தவரின் தகுதிக்கேற்ப எல்லாமே அரசாங்கச் செலவு. ஆக, வாடகை பூஜ்யம்.

எனக்குப் பிடித்தது அடுத்த வரிதான். சராயைப் பார்த்துக்கொள்பவர், காவல்காரர்கள் இவர்களுக்கெல்லாம் சம்பளம் எங்கிருந்து? சராயை ஒட்டிய நிலத்தின் வருமானத்திலிருந்து. கட்டடம் கட்டுவது ஒருநாள் செலவு. தினமும் பானையில் தண்ணீர் நிரப்புவதுதான் நிரந்தரச் செலவு. அதற்கு வருமானம் காட்டாமல் கட்டிய எதுவும் நிற்காது என்று கடன் விண்ணப்பம் பார்க்கிற எவருக்கும் தெரியும். நம்ம பக்கம் சத்திரத்துக்கு மானியமாக நிலம் எழுதிவைத்தார்களே, அதே புத்திதான். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தில் தங்கிய கதையை எங்க தாத்தா சொல்லிச் சொல்லி அலுக்க மாட்டார். ராணி மங்கம்மாள் ஆண்டது 1689 முதல் 1706 வரை. இருநூறு வருடத்துக்கு மேல் கழித்துப் பிறந்த ஒரு கமிஷன் மண்டிக் குமாஸ்தா அந்த அம்மாள் பெயரைச் சொல்லிப் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

சரி, பயணத்துக்கு வருவோம். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். புளியோதரை, தயிர்சாதம், மாவடு எல்லாம் வீட்டிலிருந்தே. முர்த்தல் தாபாவில் ஆளுக்கொரு பராட்டா மட்டும் அனுமதி.

சின்னவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். கோஸ் மினார் எண்ணுவது. ஆக்ராவிலிருந்து லாகூர் வரை கோசுக்கு ஒரு தூண் எழுப்பச் சொல்லி ஜஹாங்கீர் 1619-ல் உத்தரவிட்டார். முப்பது அடி உயரத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய, மேலே போகப்போகக் குறுகும் தூண். அந்தக் காலத்து மைல்கல். தில்லி மிருகக்காட்சிச் சாலைக்குள்ளேயே ஒன்று நிற்கிறது, புலியைப் பார்க்கிற அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. ஹரியாணாவில் மட்டும் நாற்பதுக்கு மேல் மிச்சம் இருக்கின்றன. கோதுமை வயலுக்கு நடுவே, வீடுகளுக்குப் பின்னால் என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். பையன் நாலு பிடித்தான். கர்னாலில் பார்த்ததற்கு சல்யூட் வேறு அடித்தான்.

பானிப்பட்டில் மூன்று போர்கள். 1526, 1556, 1761. வருடம் எல்லாம் பெரியவளுக்கு மனப்பாடம். இப்ராஹிம் லோடி சமாதியில் நின்றபோது தங்கமணி கேட்டார், "சண்டைக்குப் போனவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. பிள்ளையை இடுப்பில வச்சுக்கிட்டு இந்த ரோட்டில சும்மா நடந்து போனவங்களைப் பத்தி யார் எழுதினா?" நான் வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு மூன்று நாளும் நான் பார்த்தது எல்லாம் அந்தக் கேள்வி வழியாகத்தான்.

பானிப்பட் தாண்டி கரவுண்டாவில் ஷாஜகான் காலத்துச் சராய் ஒன்றின் இரண்டு பெரிய வாசல்கள் மட்டும் நிற்கின்றன. உள்ளே இருந்த அறைகள் போய்விட்டன. வாசல் நிழலில் உட்கார்ந்துதான் தயிர்சாதம் சாப்பிட்டோம். 1605-ல் பட்டத்துக்கு வந்ததும் ஜஹாங்கீர் போட்ட பன்னிரண்டு ஆணைகளில் ஒன்று, திருட்டு நடக்கும் ஆளில்லா வழிகளில் சராய் கட்டி, கிணறு வெட்ட வேண்டும் என்பது. ஆள் வந்து தங்கினால் ஊர் உண்டாகும், ஊர் உண்டானால் திருட்டுப் பயம் குறையும். அவ்வளவுதான் கணக்கு. தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் 1615-ல் லாகூரிலிருந்து ஆக்ரா வரை நடந்தே வந்து, வழி நெடுக இருபுறமும் இருந்த மரங்களை வியந்திருக்கிறார்.

கர்னாலுக்கு வடக்கே நீலோக்கேரி. 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபிலிருந்து மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் லட்சக்கணக்கான குடும்பங்கள் வந்தன. குருக்ஷேத்திரத்தில் அமைந்த அகதி முகாமில் 1947 டிசம்பர் வாக்கில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். நாம் பகவத் கீதையோடு மட்டும் சேர்த்து நினைக்கிற ஊர். அந்த முகாமில் இருந்தவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையாலேயே ஒரு ஊரைக் கட்ட வைக்கலாம் என்று எஸ்.கே. டே முன்னின்று 1948-ல் உருவாக்கியதுதான் நீலோக்கேரி. பின்னாளில் இவர் மத்திய அமைச்சரும் ஆனார். சராய்க்குப் பதில் ஒரு ஊரே! காரை ஓரங்கட்டி ஒரு டீ குடித்தோம், பார்க்க அது சாதாரண ஊர்தான்.

குருக்ஷேத்திரத்தில் இரண்டு ராத்திரியும் ஒரு தர்மசாலையில் தங்கினோம். அறைக்கு நாளுக்கு 800 ரூபாய், சுத்தமான படுக்கை, காலையில் ஒரு வாளி வெந்நீர். பிரம்ம சரோவர், தானேசரில் ஷேக் சில்லி சமாதி, ஹர்ஷர் பேரைச் சொல்லும் மண்மேடு எல்லாம் அக்கம்பக்கம்தான்.

திங்கள் காலை, ஹோலி. ஊர் முழுக்க வண்ணம். திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது, நாலு வருடமாக வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அன்று மார்ச் 25. 2020-ல் இதே தேதியில்தான் முழு அடைப்பு தொடங்கியது. அப்போ என் கிளை இதே சாலையில். வங்கி அத்தியாவசிய சேவை என்பதால் பாஸ் வைத்துக்கொண்டு தனியாகக் காரில் போய்வந்தேன். பஞ்சாப், ஹரியாணாவில் வேலை பார்த்த தொழிலாளர்கள் உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் குடும்பத்தோடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். போலீஸ் தடுப்பில் நின்றபோது, தோளில் குழந்தையை வைத்திருந்த ஒருவர் என் கண்ணாடிக்கு அருகில் வந்து, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்டார். குழந்தைக்கு அப்போதைய நம் சின்னவன் வயசு. தொற்றுப் பயம். நான் கண்ணாடியை இறக்கவில்லை. தடுப்பு விலகியதும் கிளம்பிவிட்டேன்.

கார் அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவள் கேட்டாள்.

"உங்ககிட்ட தண்ணி இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு. பக்கத்து சீட்டில. ஒரு லிட்டர், முழுசா."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

செலவுக் கணக்கு, உங்களுக்கும் உதவும் என்பதால்: பெட்ரோல் 2,400, டோல் மற்றும் பார்க்கிங் 700, தர்மசாலை 1,600, சாப்பாடு 1,150, நுழைவுச்சீட்டு வகையறா 100. மொத்தம் 5,950 ரூபாய். தங்கமணி பட்ஜெட்டில் 50 ரூபாய் மிச்சம். பிள்ளைகளோடு போகிறவர்கள் வெயில் ஏறுமுன் மார்ச்சிலேயே போய்விடுங்கள். பானிப்பட்டில் அரை நாள் போதும், கரவுண்டாவில் அரை மணி. கோஸ் மினார் எண்ணும் வேலையை மட்டும் கண்டிப்பாகக் கொடுங்கள்.

அந்த ஏப்ரலில் எங்கள் குடியிருப்பு வாசலில் இரண்டு மண்பானை வைத்தோம். வாங்கியது எளிது. தினம் நிரப்புவதுதான் வேலை. காலையில் பெரியவள், சாயங்காலம் நான், லீவு நாளில் சின்னவன் என்று முறை போட்டிருக்கிறோம். கூரியர் பையன்களும் காய்கறி வண்டிக்காரரும் குடித்துவிட்டுப் போகிறார்கள். மூன்றாவது வாரமே ஒரு பானை உடைந்தது. வேறு வாங்கி வைத்தோம்.