கேப் திராட்சைப் பண்ணைகளின் வரலாறு

கேப் திராட்சைப் பண்ணைகள் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் கான்ஸ்டான்ஷியா, ஸ்டெல்லன்போஷ், பார்ல், ஃபிரான்ஸ்ஹுக் ஆகிய ஊர்களைச் சுற்றி அமைந்துள்ள ஒயின் பண்ணைகள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் தோன்றியவை. இவற்றை உருவாக்கிய உழைப்பு பெரும்பாலும் அடிமைகளுடையது. அந்த அடிமைகளில் ஒரு பகுதியினர் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள்.

கேப் டவுனுக்கு வருபவர்கள் ஒரு பகலைப் பண்ணைப் பயணத்துக்கென ஒதுக்குவது வழக்கம். காலையில் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்ல் நகரை அடையலாம். அங்கே மலைச்சரிவில் உள்ள ஃபேர்வியூ பண்ணை ஒயினுக்கும் பாலாடைக்கட்டிக்கும் ஒருசேரப் பெயர் பெற்றது. வாசலருகே சுற்றுப்படிகள் கொண்ட ஒரு கோபுரம் நிற்கிறது. அதில் வெள்ளாடுகள் ஏறி இறங்குகின்றன. உள்ளே நீண்ட மேசையில் சின்னச் சின்னக் கோப்பைகளில் ஒயினும், தட்டில் ஆட்டுப்பால் கட்டிகளும் சுவைத்துப் பார்க்கத் தரப்படுகின்றன. வேறு பண்ணைகளில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய, வளைவு முகப்பு கொண்ட பழைய டச்சு வீடுகளையும் ஓக் மரச் சாலைகளையும் காணலாம். சில பண்ணைகளின் முற்றத்தில் இரு தூண்களுக்கு நடுவே பெரிய மணி ஒன்று தொங்கும். படம் எடுத்துக்கொள்ள ஏற்ற இடம். அதை இன்றும் அடிமை மணி என்றே அழைக்கிறார்கள். வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் அறிவிக்க அது அடிக்கப்பட்டது.

தொடக்கம்

ஜான் வான் ரீபெக் 1652 ஏப்ரல் 6 அன்று மேசை விரிகுடாவில் வந்திறங்கினார். கிழக்கே செல்லும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் குடிநீரும் தருவதற்கான ஓர் இடைத்தங்கல் நிலையம் மட்டுமே கம்பெனியின் நோக்கம். மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகள் சொறிநோயால் மடிந்துகொண்டிருந்தனர். ஒயின் அதற்கு உதவும் என்ற நம்பிக்கையில் 1655ல் ஐரோப்பாவிலிருந்து திராட்சைக் கொடிகள் தருவிக்கப்பட்டன. 1659 பிப்ரவரி 2 அன்று கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழியப்பட்டதற்கு இறைவனுக்கு நன்றி கூறித் தன் நாட்குறிப்பில் பதிவு செய்தார் ரீபெக். தென்னாப்பிரிக்க ஒயின் துறை இந்த நாளைத் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

அதே ஆண்டு மே மாதம் அந்த மண்ணில் போர் மூண்டது. கம்பெனியின் முன்னாள் பணியாளர்களுக்கு 1657ல் நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அது கோயிகோயி மக்கள் தலைமுறைகளாக மாடும் ஆடும் மேய்த்த நிலம். டோமன் என்பவரின் தலைமையில் கோயிகோயிகள் பண்ணைகளைத் தாக்கினர். 1660ல் சமாதானம் பேசப்பட்டபோது அவர்கள் மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அது வாளால் வென்ற நிலம் என்பது ரீபெக்கின் பதில். எல்லையாக அவர் நடச் செய்த காட்டு வாதுமை வேலியின் ஒரு பகுதி கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் இன்றும் தழைத்திருக்கிறது. முதல் ஒயினின் தேதி அளவுக்கு இந்த வேலி யாருக்கும் நினைவில் இல்லை.

அடிமைகளின் வருகை

கோயிகோயிகளை அடிமைப்படுத்தக் கூடாது என்பது கம்பெனியின் விதி. எனவே பண்ணை வேலைக்கு ஆட்கள் கடல்வழியே கொண்டுவரப்பட்டனர். 1658ல் அங்கோலாவிலிருந்தும் கினியா கரையிலிருந்தும் இரு கப்பல்களில் பெருந்தொகையாக அடிமைகள் வந்தனர். அடுத்த 150 ஆண்டுகளில், 1808ல் அடிமை வணிகம் தடைசெய்யப்படும் வரை, ஏறக்குறைய 63,000 பேர் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். ஆப்பிரிக்க நிலப்பகுதி, மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், இந்தியா என ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழக் கால் பங்கினர்.

இந்தியாவிலிருந்து சென்றவர்கள் வங்காளம், மலபார், சோழமண்டலம் ஆகிய கரைகளைச் சேர்ந்தவர்கள். சோழமண்டலத்தில் டச்சுக்காரர்களின் முதன்மைக் கோட்டை பழவேற்காட்டில் இருந்தது. 1658ல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினர். பின்னர் 1690ல் தலைமையிடமே நாகப்பட்டினத்துக்கு மாறியது. இக்கரையில் அடிமை வணிகம் ஆண்டுதோறும் ஒரே சீராக நடந்ததல்ல. பஞ்சமும் படையெடுப்பும் வந்தபோது பெருகியது, விளைச்சல் திரும்பியதும் அடங்கியது. பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடி, அதைத் தொடர்ந்து பஞ்சம் பரவிய 1659-61 ஆண்டுகளில் 8,000 முதல் 10,000 பேர் வரை டச்சுக்காரர்களால் விலைக்கு வாங்கப்பட்டதாகக் கணிப்பு உண்டு. கஞ்சிக்கு வழியின்றித் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் அவர்களில் இருந்தனர். பெரும்பாலோர் இலங்கைக்கும் ஒரு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றனர். கேப்புக்கு வந்த சோழமண்டலத்தார் நேராக வந்ததைவிட இவ்வாறு இலங்கை, பத்தாவியா வழியாகவும், ஊர் திரும்பும் கம்பெனி அதிகாரிகளின் உடைமையாகவும் வந்தது மிகுதி.

தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு பொதுவாக 1860ல் சென்னையிலிருந்து டர்பன் சென்ற ட்ரூரோ கப்பலிலிருந்து தொடங்கி எழுதப்படுகிறது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுக்குக் கோயில்களும் பெயர்களும் மொழியின் எச்சங்களும் தங்கின. இருநூறு ஆண்டுகள் முன்னதாகக் கேப்புக்குப் போனவர்களுக்கு அவற்றில் ஒன்றும் தங்கவில்லை. விற்பனைப் பத்திரம் எழுதும்போதே பெயர் மாற்றப்பட்டது. டைட்டஸ், குபிடோ, ஸ்கிப்பியோ போன்ற பழைய ரோமானியப் பெயர்களும், வந்து சேர்ந்த மாதத்தின் பெயரும் சூட்டப்பட்டன. அதன் பின்னால் 'வான் கோரமண்டல்', 'வான் மலபார்', 'வான் பெங்காலன்' என்று கரையின் பெயர் ஒட்டப்பட்டது. 'வான்' என்றால் டச்சு மொழியில் 'இலிருந்து'. 'வான் கோரமண்டல்' என்று எழுதப்பட்டவர் தமிழரா தெலுங்கரா என்பதை அந்தப் பெயரிலிருந்து அறிய வழியில்லை. செப்டம்பர், ஃபெப்ருவரி என்ற குடும்பப் பெயர்கள் மேற்குக் கேப்பில் இன்றும் உண்டு. ஆப்பிரிகான்ஸ் மொழியில் 'கெர்ரி' என்று வழங்கும் சொல்லின் வேர் தமிழின் 'கறி'.

கான்ஸ்டான்ஷியா

கேப் ஒயினுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது கான்ஸ்டான்ஷியா. 1679ல் கேப்பின் தலைவராக வந்து, அதே ஆண்டில் ஸ்டெல்லன்போஷ் நகரையும் நிறுவிய சைமன் வான் டெர் ஸ்டெல் 1685ல் இந்நிலத்தைப் பெற்றார். அவரது தாய்வழிப் பாட்டி மோனிகா, அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்ட இந்தியப் பெண். ஸ்டெல் இறந்தபின் பண்ணை மூன்றாகப் பிரிந்தது. வீடும் ஒயின் கூடமும் இருந்த குரூட் கான்ஸ்டான்ஷியா 1716ல் ஓலோஃப் பெர்க் என்பவரின் கைக்கு வந்தது. அவர் மனைவி அன்னா டி கோனிங், வங்காளத்து ஆன்செலாவின் மகள். ஆன்செலா கேப்பில் ரீபெக்கின் காலத்தில் அடிமையாக இருந்து 1666ல் விடுதலை பெற்றவர். கணவன் இறந்தபின் 1724 முதல் 1734 வரை அன்னாவே பண்ணையின் உரிமையாளர். தாயுடன் அடிமையாக வந்து இறங்கியவர் கேப்பின் முதன்மையான மாளிகைக்கு எஜமானி ஆனார். அந்த மாளிகையில் வேலை செய்தவர்களும் அடிமைகளே. நிறத்தின் பெயரால் மனிதரைப் பிரிக்கும் ஏற்பாடு அப்போது இன்னும் இறுகியிருக்கவில்லை. உடைமையாளர், உடைமை என்ற பிரிவு முன்பே இறுகிவிட்டிருந்தது.

1778ல் ஹென்ட்ரிக் குளூட்டே பண்ணையை வாங்கிச் செப்பனிட்டார். அவர் காலத்து இனிப்பு ஒயின் ஐரோப்பிய அரண்மனைகளின் மேசையை அடைந்தது. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு அது தருவிக்கப்பட்டது. ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில் காதலில் தோற்ற பெண்ணுக்கு மருந்தாக ஒரு கிண்ணம் கான்ஸ்டான்ஷியா ஒயின் கொண்டுவரப்படுகிறது. 1791ல் எழுந்த ஒயின் கூடத்தின் முகப்பில் ஆன்டன் ஆன்ரெய்த் வடித்த சுதைச் சிற்பத்தைப் பயணிகள் தவறாமல் பார்க்கிறார்கள்.

விடுதலையும் டாப் முறையும்

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை 1834 டிசம்பர் 1 அன்று கேப்பில் சட்டப்படி முடிவுக்கு வந்தது. இழப்பீடு உடைமையாளர்களுக்குத்தான் தரப்பட்டது. விடுதலை பெற்றவர்கள் இன்னும் நான்கு ஆண்டுகள் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் அதே எஜமானரிடம் உழைக்க வேண்டியிருந்தது. 1838 டிசம்பர் 1 அன்று பலர் பண்ணைகளை விட்டு வெளியேறினர். நிலம் ஏதும் இல்லாததால் மற்றவர்கள் அங்கேயே கூலிகளாக நீடித்தனர். 1841ல் வந்த எஜமானர்-பணியாளர் சட்டம் வேலையை விட்டு நீங்குவதையும் கீழ்ப்படிய மறுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

கூலிகளைப் பண்ணையோடு பிணைத்ததில் சட்டத்தைவிட வலிமையானது 'டாப்' முறை. கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுப்பது இதன் வழி. விற்பனைக்கு ஆகாத மட்டமான ஒயின் தகரக் குவளைகளில், காலையில் வேலை தொடங்கும் முன்பிருந்தே, ஒரு நாளில் பல முறை ஊற்றப்பட்டது. இது அடிமைக் காலத்திலேயே தோன்றிய வழக்கம். பண்ணையாருக்கு இதில் இரட்டை ஆதாயம்: விற்காத சரக்கு கூலியாகக் கழிந்தது, குடிக்குப் பழகியவர் வேறு வேலை தேடிப் போகவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் கூலிக்கு ஈடாக மது தருவது தடை செய்யப்பட்டது. ஆனால் 'அன்பளிப்பு' என்ற பெயரில் 1990கள் வரையும் சில இடங்களில் தொடர்ந்தது. கருவுற்ற தாயின் குடியால் குழந்தையின் மூளையும் உடலும் பாதிக்கப்படும் நோய்நிலை உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்குக் கேப்பின் பண்ணை ஊர்களும் அடங்கும். சுவைக் கூடத்தின் மேசையில் வைக்கப்படும் கோப்பைக்கும் இந்தத் தகரக் குவளைக்கும் ஊற்று ஒன்றே.

ஃபேர்வியூ

ஃபேர்வியூ நிலம் 1693ல் வழங்கப்பட்டது. 1902ல் லிதுவேனியாவிலிருந்து கேப்புக்கு வந்த யூதக் குடியேறியான சார்ல்ஸ் பேக் 1937ல் இதை வாங்கினார். அவர் மகன் சிரில் பேக் 1980களின் தொடக்கத்தில் ஆடுகளை வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்யத் தொடங்கினார். போர்ச்சுகலில் கண்ட கோபுரம் ஒன்றின் மாதிரியில் ஆடுகளுக்குக் கோபுரம் எழுந்ததும் அப்போதுதான். தென்னாப்பிரிக்காவில் ஆட்டுப்பால் கட்டி அன்று அரிதான பொருள்.

அடுத்த தலைமுறையின் சார்ல்ஸ் பேக், பிரெஞ்சு 'கோட் டு ரோன்' ஒயினின் பெயரைக் கேலியாக ஒலிக்கும் 'கோட்ஸ் டூ ரோம்' என்ற ஒயினை வெளியிட்டார். 'ஆடுகள் திரிகின்றன' என்பது அதன் பொருள். பிரெஞ்சு அதிகாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தபோது அவர் ஆடுகளுடன் கேப் டவுனின் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு ஊர்வலம் போனார். பயண வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை இது.

அவர்கள் குறைவாகச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1997ல் ஃபேர்வியூவின் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, அரசு மானியமும் பண்ணையின் உதவியும் பெற்று, அருகிலேயே நிலம் வாங்கினர். ஃபேர் வேலி என்ற பெயரில் வீடுகளும் ஒயின் முத்திரையும் அவர்களுக்கு உருவாயின. கேப்பின் பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சொந்த நிலம் என்பது அபூர்வம். 2012 நவம்பரில் டி டோர்ன்ஸ் ஊரின் திராட்சைத் தோட்டங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. அப்போது அவர்களின் குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. 2013 மார்ச் முதல் அரசு நிர்ணயித்தது 105.